உடைந்த பிரிண்டரின் எண்

என் கையெழுத்து சுமாராகத்தான் இருக்கும், மன்னிக்க வேண்டும். பதினைந்து வருடமாகத் தட்டியே பழகிவிட்டது. பேனா பிடித்தால் மூன்றாவது வரியிலேயே எழுத்துகள் மேட்டில் ஏற ஆரம்பித்துவிடுகின்றன. ஒரு லேப்டாப் கொடுத்திருந்தால் இன்னும் சுத்தமாக எழுதியிருப்பேன். ஆனால் நித்யஸ்ரீ மேடம், விசாரணைக்கென்று சென்னையிலிருந்து வந்து இறங்கியதும் நீங்கள் முதலில் சொன்னதே, ரங்கராஜுக்கு லேப்டாப் தரக்கூடாது என்பதுதான். அதிலுள்ள நியாயம் எனக்குப் புரிகிறது.

நான் சரவணம்பட்டி கிளையில் நெட்வொர்க் பார்ப்பவன். மூன்று மாடி, நூற்று நாற்பது கம்ப்யூட்டர், அத்தனைக்கும் நான் ஒருவன். என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். முதல் கேள்விக்கு நாலு வரி போதும். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் ஹெச்.ஆர். என்பதால் அட்டவணையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேச அதன் முகவரி தெரிந்தால் மட்டும் போதாது. அந்த முகவரியில் இப்போது உட்கார்ந்திருப்பது எந்த மெஷின் என்றும் தெரிய வேண்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் செய்த இடத்திலேயே பதித்துவிட்ட எண் ஒன்று உண்டு. அதனால் பேச நினைக்கும் மெஷின் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும்: "ஏனுங்க, இந்த முகவரி யாருதுங்க?" உரிய மெஷின், "நானுங்க, என் எண் இதுங்க" என்று பதில் சொல்லும். கேட்ட மெஷின் அதை அப்படியே நம்பி ஒரு அட்டவணையில் எழுதிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து அழித்துவிட்டு மறுபடி கேட்கும். ஆதார் கேட்காது, சாட்சி கேட்காது. இதற்கு ஏஆர்பி அட்டவணை என்று பெயர். உலகத்து ஆபீஸெல்லாம் இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது என்று முதலில் படித்தபோது எனக்கு நம் கோயமுத்தூர்தான் ஞாபகம் வந்தது.

கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி அடித்தால் அந்த அட்டவணையைப் பார்க்கலாம். இன்னொரு வரியில் அழிக்கலாம். மூன்றாவதாக ஒரு வரி இருக்கிறது, அதில் நம் கையாலேயே ஒரு எண்ணை எழுதி வைக்கலாம். கையால் எழுதியதை மெஷின் அழிக்காது, மறுபடி கேட்டுப் பார்க்கவும் செய்யாது. அதன் ஓரத்தில் 'ஸ்டேட்டிக்' என்று போட்டுக்கொள்ளும். மற்றவை எல்லாம் 'டைனமிக்'. எழுதிய எண் தப்பாக இருந்தால்கூட அந்த மெஷின் அதையே நம்பிக்கொண்டிருக்கும். கேபிள் சரியாக இருக்கும், பச்சை விளக்கு எரியும், அனுப்புவது மட்டும் எங்கேயும் போய்ச் சேராது. இவ்வளவு சுத்தமான கோளாறு என் தொழிலில் வேறு கிடையாது.

நான் இங்கே சேர்ந்து முதல் ஒன்பது வருடம் ஒரு நாள்கூட நெட் நிற்கவில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைப்பட யாரும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். நெட் நன்றாக இருந்தால் நெட்காரனை யாருக்கும் தெரியாது. கேன்டீனில் நான் தட்டோடு போய் உட்கார்ந்தால் மரியாதையாக இடம் விடுவார்கள், பிறகு அவர்கள் பேச்சை அவர்கள் பேசுவார்கள். ஒரு நாள் லிஃப்டில் ஒரு பெண், "ஏசி பாக்க வந்தீங்களாங்க?" என்று கேட்டார். ஏழாவது வருடம் அது. எனக்கு வலித்தது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

முதல் தடவை நடந்தது நிஜமாகவே என் கவனக்குறைவு. கொள்முதல் பிரிவில் அழகிரிசாமி என்று ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. அவருடைய மெஷினில் ஏதோ சோதனைக்காகக் கேட்வேயின் எண்ணைக் கையால் எழுதி வைத்திருந்தேன். கேட்வே என்பது ஆபீஸிலிருந்து வெளியே போகும் வாசல், எல்லா மெஷினும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அந்த மாதம் பழைய கேட்வேயைக் கழற்றிப் புதிது மாட்டினேன். எல்லா மெஷினும் குரல் கொடுத்துப் புது எண்ணைத் தெரிந்துகொண்டன. அழகிரிசாமியின் மெஷின் மட்டும் செத்துப்போன வாசலையே தட்டிக்கொண்டிருந்தது.

கூப்பிட்டார். போனேன். ஒரு வரியில் சரியாகிவிட்டது. நான் எழுந்திருப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அட உக்காருங்க ரங்கராஜ். வந்துபோட்டு ஒரு வாய் டீகூடக் குடிக்காமப் போனா நல்லாவா இருக்கும்?"

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இந்த ஊரில் நமக்காக ஒருவர் வந்து ஒரு வேலை செய்து கொடுத்தால் அவரை வெறுமனே அனுப்ப மாட்டார்கள். டீ வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது. மகள் கனிஷ்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதையை அரை மணி நேரம் சொன்னார். அடுத்த மாதம் கல்யாணப் பத்திரிகையை என் இடத்துக்கே வந்து வைத்தார். ஒன்பது வருடத்தில் என் பெயர் எழுதி எனக்கு வந்த முதல் பத்திரிகை அது. கண்ணீர் வந்துவிட்டது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அதன் பிறகு நான் செய்ததைத் திட்டமிட்ட பராமரிப்பு என்று சொல்வேன். நூற்று நாற்பது பேருக்கும் முறை வைத்தேன். ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வராது. என் இடத்திலிருந்தே அவர்கள் மெஷினைத் திறந்து, கேட்வேயின் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு எண்ணை எழுதிவிடுவேன். மெஷினை அணைத்துப் போட்டால் போய்விடுகிற வரி ஒன்று, போகாத வரி ஒன்று என்று இரண்டு இருக்கிறது. நான் இரண்டாவதைத்தான் பயன்படுத்தினேன், இல்லாவிட்டால் அவர்களே அணைத்துப் போட்டுச் சரிசெய்துகொள்வார்கள். எழுதிய எண், இரண்டாம் மாடியில் புகைந்துபோய் உக்கடத்தில் பழைய இரும்புக்குப் போட்ட ஒரு பிரிண்டருடையது. யாருக்கும் சொந்தமில்லாத எண்ணாகப் பார்த்துத்தான் எடுத்தேன். மூன்று வருடமாக இந்த ஆபீஸில் தினமும் யாராவது ஒருவர் அந்தப் பிரிண்டரோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கும் மனசாட்சி உண்டு. மாதக் கடைசியில் கை வைக்க மாட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னவர்களைத் தள்ளிப் போட்டுவிடுவேன். மாசமாக இருந்த இரண்டு பேரைப் பட்டியலிலிருந்தே எடுத்திருந்தேன். அந்த மூன்று வருடத்தில் பதினொரு கல்யாணம், நான்கு புதுமனைப் புகுவிழா, ஒரு காதுகுத்து போய் வந்தேன். லிஃப்டில் இப்போது எல்லோரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கிளாடிஸ் இரண்டு வருடம் முன்பு மூன்றாவது மாடியில் சேர்ந்தார். மென்பொருளுக்கு வழிகாட்டிப் புத்தகம் எழுதும் வேலை. முறைப்படி அவர் நெட்டும் ஒரு நாள் நின்றது, போனேன். அவர் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, நீங்க என்ன அடிக்கறீங்கன்னு சொல்லிக்கிட்டே அடிங்கண்ணா. எனக்கும் தெரிஞ்சுக்கோணும்."

நான் செய்யும் வேலையை அதுவரை யாரும் என்னவென்று கேட்டதில்லை. சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மதியம் அவருடைய டிபன் பாக்ஸிலிருந்து அரிசிம்பருப்பு சாதம் ஒரு பங்கு எனக்கு வந்தது, மேலே நெய் விட்டு. அடுத்த முறைக்கு இரண்டு மாதம் காத்திருக்க என்னால் முடியவில்லை. கிளாடிஸின் முறை மாதம் ஒன்றானது, பிறகு வாரம் ஒன்றானது. அவர் மெஷின் பழசு என்று நான் சொன்னேன், நம்பினார்.

அவருடைய கணவர் ஜெஃபின், டப்ளினில் ஆஸ்பத்திரி நர்ஸ். போய் ஒன்றரை வருடமாகிறது. குடும்ப விசா இரண்டு தடவை திரும்பிவிட்டது. கிளாடிஸ் சொந்தமாக ஒரு வேலையோடு போனால்தான் உண்டு என்றாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் டப்ளினில் இருக்கும் நம் வாடிக்கையாளர் கம்பெனி, வழிகாட்டி எழுத ஒருவரை அங்கேயே வந்து உட்காரச் சொல்லிக் கேட்டது. ஒரு மணி நேரத் தேர்வு, திரை வழியாக. இரண்டு வாய்ப்புதான். பதிவு செய்த ஆபீஸ் மெஷினில் மட்டும்தான் திறக்கும், மொபைல் நெட்டெல்லாம் ஆகாது. நடுவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் அறுந்தால் தேர்வு முடிந்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

"இது மட்டும் கெடைச்சுட்டா, இந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருப்போமுங்கண்ணா," என்று கிளாடிஸ் சொன்னபோது நான் அவருடைய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் என்று சொன்னேன்.

அந்தத் தேர்வில் ஏன் கை வைத்தீர்கள் என்று நீங்கள் கேட்கும்போது உங்கள் முகம் கொஞ்சம் மாறுகிறது மேடம். நான் நிதானமாகத்தான் யோசித்தேன். டப்ளினில் வருடம் பூராவும் மழை என்கிறார்கள். கிளாடிஸுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, ஈரம் மட்டும் ஒத்துக்கொள்ளுமா? ஜெஃபின் எங்கேயும் ஓடிப்போகவில்லை, ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கிறார். கணவன் மனைவி பிரிந்திருப்பது கஷ்டம்தான், ஆனால் தினமும் திரையில் முகம் பார்க்கிறார்கள். நான் இருக்கும் வரை அந்த நெட் நிற்காது என்று எனக்குள் உறுதி எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய மதிய நேரத்து அழைப்பில் ஒரு நாளும் கை வைத்ததில்லை.

ஜூன் மாதத் தேர்வு தொடங்கி இருபதாவது நிமிடத்தில் பிரிண்டரின் எண்ணை எழுதினேன். மூச்சிரைக்க ஓடிவந்து கூப்பிட்டார்கள். ஓடினேன், உண்மையாகவே ஓடினேன். பத்து நிமிடத்தில் சரி செய்து கொடுத்தேன். அதற்குள் தேர்வு மூடிவிட்டது. கிளாடிஸ் மேஜையில் தலை கவிழ்ந்து அழுதார். எனக்கும் பாவமாக இருந்தது. கீழே போய் இஞ்சி டீ வாங்கிக்கொண்டு வந்தேன். "உங்களுக்குத்தான் வீண் சிரமமுங்கண்ணா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

இரண்டாவது தேர்வு ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் கிளாடிஸ் என்னிடம் ஒன்று கேட்டார். அந்த வாரம் நெட் நின்றபோது, நான் போய்ச் சேர்வதற்குள் நோட்டில் எழுதியதை வைத்துத் தானே கறுப்புத் திரையைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"அண்ணா, எல்லாம் டைனமிக்னு இருக்குது, ஒண்ணு மட்டும் ஸ்டேட்டிக்னு இருக்குதுங்களே?"

"அது நான் போட்டதுதான். பாதுகாப்புக்கு," என்றேன். அப்படி ஒரு பழக்கம் நிஜமாகவே உண்டு, விசாரித்துப் பாருங்கள். அவர், "சரிங்கண்ணா" என்றார். அன்றைக்கும் சாதத்தில் பங்கு வந்தது.

அவர் அதோடு விடவில்லை என்று உங்கள் கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்து மெஷினின் அட்டவணையையும் படம் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு, வாசலின் எண் வேறு வேறாக இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார். மேனேஜர் மோகன்குமார் சாரிடம் காட்டியிருக்கிறார். என்னிடம் நேரில் கேட்க சாருக்கு மனசு வரவில்லை. 'பாவம், ரங்கராஜ் நொந்துருவாருங்க, வேற மாதிரி பாத்துக்கலாம்' என்று அவர் சொன்னதாகக் கோப்பில் இருக்கிறது. மூன்றாவது மாடி முழுக்க அதற்கு ஒப்புக்கொண்டதாகவும் இருக்கிறது. நாற்பது பேருக்குத் தெரிந்திருக்கிறது, ஒருவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதன்கிழமை மோகன்குமார் சார் கூப்பிட்டார். "ரங்கராஜ், நம்ம ஈரோடு ஆபீஸ்ல நெட்டு சரியில்லைங்களாமா. நாளைக்கு ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்துருங்களேன். பொழுதோட வந்தாப் போதும், அவசரமில்லீங்க."

எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா. வெளியூர் கிளைக்கு என்னை யாரும் அனுப்பியதில்லை. அழகிரிசாமி, ஈரோட்டில் எந்த மெஸ்ஸில் சாப்பிட வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். கிளாடிஸ் வாசல் வரை வந்து, "பாத்துப் போயிட்டு வாங்கண்ணா" என்றார். காந்திபுரத்தில் பஸ் ஏறும்போது ஒரு முடிவு எடுத்தேன், இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்: இந்தத் தேர்வில் கை வைப்பதில்லை. போகட்டும், கணவனோடு நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்தேன். கிளாடிஸின் மெஷினில் இருந்த ஸ்டேட்டிக் வரியை முந்தைய வாரம் நெட்டைச் சரிசெய்தபோதே எடுத்துவிட்டிருந்தேன்.

ஈரோடு கிளையில் ஒன்பது கம்ப்யூட்டர். ஒன்பதும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே வரவேற்பில் இருக்கும் மெஹராஜ் என்ற பெண் எனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"இங்க எல்லாம் நல்லாத்தானுங்க சார் இருக்குது. உங்களை எதுக்குங்க இத்தனை தூரம் வரச்சொன்னாங்க?"

மோரைக் குடித்தபடி நானும் அதை யோசித்தேன். வியாழக்கிழமை. மணி இரண்டு, கிளாடிஸின் தேர்வு தொடங்கும் நேரம். மெஸ் பெயர் எழுதிய தாள் சட்டைப் பையில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது என்று நினைக்காதீர்கள், எனக்கு அழுகைதான் வந்தது. பதினொரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். அவர்களில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'ரங்கராஜ், இந்த ஒண்ணுல மட்டும் கை வெக்காதீங்க' என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். சொல்லவில்லை. ஒரு மாட்டை வயல் பக்கம் வராமல் வேறு இடத்தில் கட்டுவது போல மரியாதையாக என்னை ஈரோட்டில் கட்டிவிட்டார்கள்.

என் லேப்டாப்பைத் திறந்து, சரவணம்பட்டி கேட்வேக்குள் போனேன். கிளாடிஸுக்கு நான் சொல்லிக் கொடுத்தது அவருடைய மெஷினின் அட்டவணையை மட்டும். கேட்வேயிலும் ஒரு அட்டவணை உண்டு, திரும்பி வரும் பதில்களெல்லாம் அதைப் பார்த்துத்தான் வரும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பாடம் அதுவரை வந்திருக்கவில்லை. அதில் கிளாடிஸின் வரி இருந்தது, டைனமிக், சுத்தமாக. அன்று காலை அவர் தன் அட்டவணையை இரண்டு தடவை பார்த்துச் சரி என்று உறுதி செய்துகொண்டிருந்தார் என்று கோப்பில் இருக்கிறது. அவர் பக்கம் ஒரு தப்பும் இல்லை.

உடனே நான் எதுவும் செய்யவில்லை. நாற்பது நிமிடம் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யாராவது போன் செய்வார்களா என்று பார்த்தேன். மெஸ்ஸில் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருந்தால்கூடப் போதும். யாரும் கூப்பிடவில்லை. இரண்டு நாற்பதுக்குக் கிளாடிஸின் முகவரிக்கு நேராக அந்தப் பிரிண்டரின் எண்ணை எழுதினேன்.

இரண்டு நாற்பத்திரண்டுக்கு மோகன்குமார் சார் கூப்பிட்டார். "ரங்கராஜ், கொஞ்சம் பாக்கறீங்களா, புண்ணியமாப் போகுமுங்க." நான் பதறாமல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னேன். மெஷினை அணைத்துப் போடச் சொன்னேன், அது எழுந்துவர ஆறு நிமிடம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். பின்னால் கிளாடிஸ், "எல்லாம் டைனமிக்னுதானுங்க இருக்குது, எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. மூன்று ஐந்துக்கு வரியை எடுத்தேன். நெட் வந்துவிட்டது என்றார்கள். "ஈரோடு போன எடத்துலயும் உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டோமுங்க" என்று மோகன்குமார் சார் சொன்னார். பரவாயில்லைங்க என்றேன்.

கேட்வே எல்லாவற்றையும் நேரத்தோடு, பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளும். அழித்திருக்கலாமே என்று உங்களோடு வந்த தணிக்கைக்காரர் கேட்டார். என் வேலைக்குப் பதிவு இல்லாமல் நான் என்றைக்கும் இருந்ததில்லை. இரண்டு நாற்பது, ரங்கராஜ், ஸ்டேட்டிக். அது நான்தான். ஜூனில் செய்ததும் நான்தான். அதற்கு முன்னால் மூன்று வருடம், ஏறத்தாழ இரண்டாயிரம் தடவை, எல்லாம் நான்தான். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. டப்ளின் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது, கிளாடிஸ் இங்கேயே, மூன்றாவது மாடியில்தான் இருக்கிறார். பதினொரு நாளாகிறது. நான் அனுப்பிய எதற்கும் அவரிடமிருந்து பதில் இல்லை, படிக்கட்டில் எதிரே வந்தாலும் பேசுவதில்லை. அவர் பக்கம்தான் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். என் பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடுத்தீர்களானால் பத்து நிமிடத்தில் போய்ச் சரி செய்துவிட்டு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ரங்கராஜ்